குடல் நோய்க்கு வந்தவரிடம் காசநோயைப் பற்றி ஏன் கேட்கிறோம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குடல் நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பதோடு அவற்றைப் பற்றிய ஆய்விலும் ஈடுபட்டிருக்கும் மருத்துவர் என்ற முறையில், இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்றை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வாரக்கணக்கில் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு என்று மருத்துவரிடம் போகும்போது, உங்களுக்கோ உங்கள் வீட்டில் வேறு யாருக்கோ எப்போதாவது காசநோய் வந்திருந்தால், தயவுசெய்து அதை மறைக்காதீர்கள்.

1932-ஆம் ஆண்டு நியூயார்க்கில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று மருத்துவர்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும் ஒரு நோயை விவரித்து எழுதினார்கள். அதையே இன்று க்ரோன் நோய் என்கிறோம். சிக்கல் என்னவென்றால், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே இடத்தைத்தான் குடல் காசநோயும் பெரும்பாலும் பற்றுகிறது. வலது அடிவயிற்றில் வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, ரத்தசோகை எல்லாம் இரண்டுக்கும் பொது. காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளில் அந்த இடத்தில் புண்ணைக் கண்டதும் மருத்துவர் க்ரோன் நோயைத்தான் முதலில் நினைப்பார். உலகிலேயே காசநோய்ச் சுமை மிகுந்த நாடுகளில் ஒன்றான தென்னாப்பிரிக்காவில் அப்படி நினைத்துவிட முடியாது.

ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் சில குறிகள் தெரியும். க்ரோன் நோயில் புண்கள் குடலின் நீளவாக்கில் ஓடும்; காசநோயில் பெரும்பாலும் குறுக்குவாட்டில் சுற்றி இருக்கும். ஆனால் எல்லா நோயாளிகளிடமும் இந்த வேறுபாடு தெளிவாக இருப்பதில்லை. ஆகவே திசுத்துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை செய்கிறோம், கிருமி வளர்ப்புக்கு அனுப்புகிறோம். குடல் திசுவில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், ஜீன்எக்ஸ்பர்ட்டில் எதுவும் தெரியாவிட்டாலும் காசநோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கிருமி வளர்ப்பின் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து, "ஊசி போட்டு வலியை நிறுத்துங்கள் டாக்டர்" என்று கேட்பவர்களின் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை.

அந்த அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. க்ரோன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கும். காசநோய் உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் முதல் சில நாட்கள் காய்ச்சல் தணியும், பசியும் எடுக்கும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். 1998-இல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி பலருக்கு மறுவாழ்வு தந்த மருந்து. ஆனால் அது தடுக்கும் டிஎன்எஃப் என்ற புரதந்தான், பழைய காசநோய்க் கிருமிகளைச் சுற்றி உடல் எழுப்பி வைத்திருக்கும் சுவரைக் காக்கிறது. இந்த ஊசிக்குப் பிறகு காசநோய் கண்ட 70 பேரைப் பற்றி 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. அதனால்தான் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும், உள்ளே உறங்கும் காசநோயைக் கண்டறியும் பரிசோதனையும் செய்கிறோம். ஏற்கனவே ஸ்டீராய்டு எடுப்பவரிடம் அந்தப் பரிசோதனையும் தவறிவிடக்கூடும் என்பதால், நோயாளி தன் வாயால் சொல்லும் விவரத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, உடன் வந்திருந்த தாயார் உடனே "எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது டாக்டர்" என்றார். பரிசோதனைக்காக மகன் உள்ளே போன பிறகு, கைப்பையின் வாரைத் திருகியபடி, தாழ்ந்த குரலில், "தாத்தாவுக்கு நெஞ்சில் சளி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், இவன் சின்னப் பையனாக அவரோடுதான் படுத்துக்கொள்வான்" என்றார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயந்தான் அவருக்கு. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நோயாளி சொல்வதை வெளியே சொல்லாமல் காப்பது மருத்துவரின் கடமை. காசநோய் முழுமையாகக் குணமாகக்கூடியது.

எல்லாச் சோதனைகளுக்குப் பிறகும் தெளிவு கிடைக்காவிட்டால், காசநோய் மருந்தையே முதலில் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து பார்ப்போம். காசநோயாக இருந்தால் புண்கள் ஆறியிருக்கும். அப்போதும் மருந்தை ஆறு மாதம் முழுவதும் எடுக்க வேண்டும். ஆறாவிட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று பார்த்துவிட்டு, க்ரோன் நோய்க்கான சிகிச்சைக்குத் திரும்புவோம்.

மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்றும், வயிற்றுப்போக்கு என்றால் மசாலா என்றும் வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். காவடி விரதத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துபவர்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தாகலாம். விரத நாட்களை முன்கூட்டியே சொன்னால், மருந்தை விடாமல் விரதம் இருக்க வழி உண்டா என்று சேர்ந்து பார்க்கலாம்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது பழைய எக்ஸ்ரே, கிளினிக் அட்டை, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் உறைகள், நாட்டு மருந்து ஏதேனும் சாப்பிட்டால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.