டிஸ்க் பிரேக் மாட்டினா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, பழைய வண்டிக்கு முன்-பின் பிரேக் செட்டிங் பாக்கணும்

போன ஐப்பசி மழையப்ப ஒரு பெரியவர் அவரோட பிரீமியர் பத்மினி கார கொண்டு வந்தாருங்க, அவங்க அப்பா வாங்கின வண்டி, கண்ணாடி மாதிரி வச்சிருக்காரு. நாலு வீலும் டிரம் பிரேக்கா (உள்ளேருந்து சூ விரிஞ்சு டிரம்ம அழுத்துறது) இருந்தத ஒரு இடத்துல குடுத்து முன்னாடி மட்டும் டிஸ்க் (சுத்துற தகட்ட ரெண்டு பக்கமும் பேட் இறுக்கறது) போட்டிருக்காரு. "தம்பி, டிஸ்க் போட்டப்புறம்தான் எனக்கு பயமே வந்துச்சு, அழுத்திப் புடிச்சா பின்னாடி வீசுது"ன்னாரு. கோத்தகிரி எறக்கத்துல ஒரு வளைவுல பின் வீல் லாக் ஆகி, அதாவது சுத்தாம நின்னு வழுக்கி, வண்டி ரோட்டுக்கு குறுக்க நின்னிருக்கு, எதிர்ல பஸ் வராதது அவங்க செஞ்ச புண்ணியம்.

முன்னாடிதானே டிஸ்க் போட்டோம், பின்னாடி எப்படி லாக் ஆகும்னு எல்லாரும் கேக்குறாங்க. டிரம்ல லீடிங் சூ இருக்கு பாருங்க, அது டிரம் சுத்துற இழுப்புலயே தானா இன்னும் இறுக்கிக்கும், கொஞ்சம் பிரஷர் குடுத்தா போதும். டிஸ்க்ல அந்த ஒத்தாசை கெடையாது, நீங்க குடுக்குற பிரஷர்தான். மிதிக்குற பலத்த கூட்டிக் குடுக்குற பூஸ்டரும் இல்லாத வண்டில பிரேக் பத்தலன்னு பெடல இன்னும் பலமா மிதிப்பீங்க, அந்த ஏறின பிரஷர் அப்படியே பின் டிரம்முக்கும் போகுது, அங்க சூ பழையபடி இறுக்கிக்குது, பின் வீல் மொதல்ல நின்னுடுது.

இதுல எடை வேற முன்னாடி சாயும். பத்மினி சுமாரா 900 கிலோ, ரெண்டு பேர் ஏறினா 1050, முன்னாடி 550 பின்னாடி 500ன்னு வச்சுக்குவோம். வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்குற தூரம்) 2340 மி.மீ., எடையோட மையம் தரைலேருந்து 55 செ.மீ. ஒசரத்துல இருக்குன்னு வச்சு 0.7 ஜி அளவுக்கு (புவி ஈர்ப்புல பத்துல ஏழு பங்கு) பிரேக் புடிச்சா கிட்டத்தட்ட 170 கிலோ பின்னாடியிருந்து முன்னாடி போயிடும். பின் டயர் மேல மிச்சம் 330 கிலோதான். எவ்ளோ நல்லா பிரேக் புடிக்குதோ அவ்ளோ லேசாகும் பின்பக்கம். முன் வீல் லாக் ஆனா ஸ்டியரிங் திரும்பாது ஆனா வண்டி நேராவாவது போகும். பின் வீல் லாக் ஆனா பக்கவாட்டு புடிமானம் போயி வண்டி சுத்திடும், அதான் எப்பவும் முன்னாடி மொதல்ல லாக் ஆகுற மாதிரி வைக்கணுங்கறது.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு குறுக்கு வழி பண்றாங்க, பின் சூ அட்ஜஸ்ட்மென்ட்ட லூஸ் பண்ணி விட்டுடறது. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. லூஸ் பண்ணா பெடல் கீழ போகும், அவ்ளோதான், சூ டிரம்ம தொட்டப்புறம் அதே பலந்தான் வரும்.

நான் அந்த வண்டில மொதல்ல ஒத்த மாஸ்டர் சிலிண்டர (பெடல மிதிச்சா ஆயில்ல பிரஷர் உண்டாக்குறது) கழட்டிட்டு ரெண்டு அறை இருக்குற டேண்டம் மாஸ்டர் போட்டு முன் லைன் பின் லைன் தனித்தனியா பிரிச்சேன். சூவ தள்ளுற பின் வீல் சிலிண்டர் 3/4 இன்ச் இருந்தத 5/8 ஆக்கினேன், இது ஒண்ணுலயே பின்னாடி பலம் 30 சதவீதம் கொறையும். அப்புறந்தான் பின் லைன்ல மட்டும் அட்ஜஸ்டபிள் புரபோர்ஷனிங் வால்வு. இந்த வால்வு பிரஷர கொறைக்கும், கூட்டாது, அதனால சிலிண்டர் சைஸ் தப்பா இருந்தா வால்வு வச்சு சரி பண்ண முடியாது. இன்னொண்ணு, டிரம் வண்டி மாஸ்டர்ல 10 பி.எஸ்.ஐ. மாதிரி பிரஷர நிறுத்தி வைக்குற ஒரு சின்ன வால்வு பல வண்டில இருக்கும், அது டிஸ்க் லைன்ல இருந்துச்சுன்னா பேட் விடாம உரசி சூடாகி பிரேக் ஆயில் கொதிச்சுடும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினா 140 தான். மலை எறங்குறவங்க இத கட்டாயம் பாருங்க. பெரியவர் வண்டில முன் வீல் கருகின வாடை அடிச்சதுக்கு காரணமே அந்தச் சின்ன வால்வுதான்.

செட்டிங் எப்படின்னா, பிரேக் லைன்ல இருக்குற ஏர் எடுத்து, பேட் படிஞ்சப்புறம், ஆள் நடமாட்டம் இல்லாத காஞ்ச தளத்துல டிரைவர் மட்டும் ஒக்காந்து பண்ணணும், பின்சீட்டு காலியா இருக்கறப்பதான் பின்பக்கம் ரொம்ப லேசு. வால்வ பின்னாடி ரொம்ப கம்மியா வச்சு ஆரம்பிங்க, 40 கி.மீ.ல புடிங்க, வெளிய ஒருத்தர் நின்னு எந்த வீல் மொதல்ல நிக்குதுன்னு பாக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போங்க, பின்னாடி மொதல்ல லாக் ஆனா அங்கேருந்து நல்லா பின்வாங்கிடுங்க. அப்புறம் 60ல ஒரு தடவ பாருங்க. ஈர ரோட்டுல செட் பண்ணிடாதீங்க, ஈரத்துல பிரேக் கம்மியா புடிக்குறதால எடை முன்னாடி அவ்ளோ சாயாது, பின்னாடி நெறைய குடுக்கலாம்னு தோணும், அதே செட்டிங்ல காஞ்ச ரோட்டுல புடிச்சா வண்டி சுத்திடும். வால்வ டிரைவர் கைக்கு எட்டற எடத்துல வைக்கவும் வேணாம்.

பெரியவர் வண்டிக்கு 11 தடவ ஓட்டிப் பாத்து லாக் நட்ட இறுக்கி மேல செவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு விட்டேன். டயரோ பின் லைனிங்கோ மாத்தினா திரும்ப கொண்டு வாங்க ஐயா, அந்தக் கோடு செல்லாதுன்னு சொல்லி அனுப்பினேன்.