காயமும் விவரமும் ஒத்துப்போகிறதா?

குழந்தையைத் துன்புறுத்துகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களுக்குத் தரும் பயிற்சி முதலில் உடைப்பது இந்த நம்பிக்கையைத்தான். பதற்றத்தில் மனிதர்கள் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்வார்கள். சிலர் அலறுவார்கள், சிலர் கல்லாய் நிற்பார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செவிலியர் பார்க்கக் கற்றுக்கொள்வது மூன்று விஷயங்களை: காயம், அது எப்படி ஏற்பட்டது என்று சொல்லப்படும் விவரம், அந்த வயதுக் குழந்தையால் என்ன செய்ய முடியும் என்பது. இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?

முகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல சாட்சி. தாக்குதலால் தலையில் காயம்பட்ட, 3 வயதுக்குட்பட்ட 173 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளைப் புரட்டினார்கள். அவர்களில் 54 பேரை ஏற்கெனவே மருத்துவரிடம் காட்டியிருந்தும் காரணம் பிடிபடாமல் போயிருந்தது. வாந்தியும் சிணுங்கலும் வைரஸ் தொற்றாகத் தெரிந்திருக்கின்றன. தாயும் தந்தையும் சேர்ந்து வாழும் வெள்ளையினக் குடும்பங்களில் இப்படித் தவறவிட்டது அதிகம். ‘இவர்களா செய்வார்கள்?’ என்ற எண்ணம் கண்ணை மறைத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, காயத்துக்கு வருவோம். ரத்தக்கட்டு எல்லாக் குழந்தைக்கும் வரும். நடக்கத் தொடங்கிய குழந்தை முட்டியிலும் கணுக்காலுக்கு மேலும் நெற்றியிலும் அடிபட்டுக்கொண்டே இருக்கும், அது இயல்பு. ஆனால் தானாக நகரவே தெரியாத குழந்தைக்கு எப்படி வரும்? வழக்கமான பரிசோதனைக்கு வந்த குழந்தைகளைக் கணக்கெடுத்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நடப்பவர்களில் பாதிப் பேருக்கு ரத்தக்கட்டு இருந்தது. 6 மாதத்துக்குட்பட்டவர்களில் அது 0.6 சதவீதம் மட்டுமே. ஆகவே கைக்குழந்தையின் கன்னத்தில் தெரியும் சின்னக் கறுப்புத் தடம்கூட, வலிக்காவிட்டாலும் சிகிச்சை தேவைப்படாவிட்டாலும், பெரிய செய்தி. அடுத்து வரப்போகும் பலத்த அடிக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இதை நினைவில் வைக்க ‘டென்-4’ என்றொரு விதி உண்டு. நடு உடல், காது, கழுத்து என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ‘டென்’. 4 வயதுக்குட்பட்ட குழந்தையின் நடு உடல் (நெஞ்சு, வயிறு, முதுகு), காது, கழுத்து ஆகியவற்றில் ரத்தக்கட்டு இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். 5 மாதம்கூட நிரம்பாத குழந்தை என்றால் எங்கே இருந்தாலும் யோசிக்க வேண்டும். விழும்போது முதலில் தரையில் படுவது எலும்பு துருத்திய இடங்கள். காது மடலும் கழுத்தும் அப்படி எளிதில் அடிபடுவதில்லை. விதியின் தர்க்கம் அவ்வளவுதான். 2021இல் இதை விரிவாக்கி, மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சவ்வு, காதுக்குக் கீழே தாடை வளையும் இடம், கன்னச் சதை, கண்ணிமை, கண்ணின் வெள்ளைப் பகுதி, கை அல்லது பெல்ட்டின் வடிவம் தெரியும் தடம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து ‘இது மூன்று நாள் பழசு’ என்று நாள் கணக்கிடும் பழைய வழக்கத்தை மட்டும் பயிற்சியில் கைவிடச் சொல்கிறார்கள். அது நம்பத்தக்கதல்ல.

வெந்நீர்க் காயமும் தன் வரலாற்றைத் தானே சொல்லும். குழந்தை கோப்பையை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டால் முகத்திலும் தோளிலும் நெஞ்சிலும் படும். வழியும்போதே நீர் ஆறுவதால், கீழே போகப்போகக் காயம் குறுகி, ஆழமும் குறையும். காலைப் பிடித்து அமுக்கியிருந்தாலோ, காலுறை மாட்டியதுபோல நேரான எல்லையோடு, இரு கால்களிலும் ஒரே ஆழத்தில் வெந்திருக்கும். குழந்தை முழங்காலை மடக்கியிருந்தால் மடிப்புக்குள் இருந்த தோல் தப்பித்திருக்கும்.

இதையெல்லாம் பார்க்க, குழந்தையின் உடைகளை முழுதாகக் கழற்ற வேண்டும். கூட்டம் நெரியும் பிரிவில் முதலில் விட்டுப்போவது இந்த எளிய காரியம்தான். கேள்வி கேட்கும் முறையும் தனிப் பயிற்சி. ‘யாராவது அடித்தார்களா?’ என்று வழிகாட்டாமல், ‘என்ன நடந்தது?’ என்று விட்டுவிட வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். ‘கட்டிலிலிருந்து விழுந்தான்’ என்பது அடுத்தவரிடம் ‘படியில் உருண்டான்’ என்று மாறினால், முதல் பதிவு இல்லாமல் அந்த மாற்றம் வெளியே தெரியாது.

எதிர்ப்பக்கமும் கற்றுத்தரப்படுகிறது. பிறவியிலேயே முதுகில் இருக்கும் நீலத்தடம், ரத்தம் உறையாத நோய், எளிதில் முறியும் எலும்பு நோய் எல்லாம் தாக்குதலைப் போலத் தோன்றும். அதனால்தான் செவிலியரின் வேலை தீர்ப்பு சொல்வதில் இல்லை. நியாயமான சந்தேகத்தை உரிய இடத்துக்கு எடுத்துச் செல்வது வரைதான் அவர் பொறுப்பு. எலும்புப் படங்களும் ரத்தப் பரிசோதனையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நெதர்லாந்தில் அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு சிறு கேள்விப் படிவத்தையும் தந்தார்கள். அந்தப் படிவத்தை வைத்துப் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளின் பங்கு 2008 தொடக்கத்தில் 20 சதவீதமாக இருந்து, 2009 இறுதியில் 67 சதவீதமானது. படிவம் நிரப்பிய குழந்தைகளிடையே சந்தேகம் கண்டறியப்பட்ட விகிதம், நிரப்பாதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. ஆனாலும் ஒரு வகுப்போடு இந்தத் திறமை நிலைத்துவிடாது. தான் எழுப்பிய சந்தேகம் என்ன ஆயிற்று என்று செவிலியருக்குத் தெரியாமலே போனால் அடுத்த முறை அவர் எதை வைத்துத் திருத்திக்கொள்வார்? அதற்காகவே முடிந்த வழக்குகளின் குறிப்புகளைக் குழுவாக உட்கார்ந்து பார்ப்பதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும், தவறாக எழுந்த சந்தேகங்கள் உட்பட.