பரிசுப் பொருளில் அச்சிடும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

தாங்கள் எடுத்த படங்களைக் கோப்பையிலோ கேன்வாஸிலோ ஆல்பமாகவோ அச்சிட்டு, பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் பரிசாகக் கொடுக்க விரும்பி எங்கள் புகைப்பட அச்சகத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, இந்தப் படம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதுதான். ‘குடும்பக் குழுவில் வந்தது’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இயந்திரமும் காகிதமும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் குறையை அவற்றால் சரிசெய்ய முடியாது.

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தில் ஏறத்தாழ 4000-க்கு 3000 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள், இருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால், நீளமான பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதாவது, மொத்தப் பிக்சல்களில் ஆறில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது எங்கள் தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு. அந்தக் கணக்கில் 1600 பிக்சல் ஐந்தரை அங்குலத்துக்குக்கூடப் போதாது. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு 150 பிக்சல் போதும் என்றாலும், 12-க்கு 16 அங்குலக் கேன்வாஸில் இந்தப் படம் அங்குலத்துக்கு 100 பிக்சல் என்ற நிலைக்கு இறங்கிவிடும்.

பிக்சல் குறைவதோடு விஷயம் முடிவதில்லை. படக் கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) முறை, படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கிறது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திருத்திச் சேமித்து மறுபடி அனுப்பும்போது இந்தக் கழிவு கூடிக்கொண்டே போகிறது. அத்தகைய படத்தைப் பெரிதாக அச்சிட்டால் புருவத்தின் முடிகள் ஒன்றாகக் கரைந்து ஒரு பட்டைபோலத் தெரியும். கன்னத்தில் நிழல் மெல்ல மாற வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் திட்டு விழும். மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் அழுக்குப் புள்ளிகள் மிதப்பதுபோல் இருக்கும். இதைத்தான் படம் உடைகிறது என்கிறோம். போனின் திரை உள்ளங்கை அளவே இருப்பதால் இந்த உடைவு அங்கே கண்ணில் படுவதில்லை.

ஆகவே படத்தை எடுத்தவரையே கண்டுபிடித்து, அவருடைய போனில் இருக்கும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லலாம். கிளவுட் (இணையச் சேமிப்பக) இணைப்பாகவும் பெறலாம். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். கோப்பு கிடைத்ததும் முகத்தைப் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். இமை முடிகள் தனித்தனியாகத் தெரிந்தால் கவலை இல்லை. குழுப்படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டியெடுக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூலக் கோப்பாகவே இருந்தாலும் அதில் அந்த ஒரு முகத்தின் அகலம் 300 பிக்சல்தான் என்றால், நல்ல அச்சில் அது ஓர் அங்குலத்துக்கு மேல் தாங்காது.

அண்மைக் காலமாக என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பவை, மங்கிய படத்தை ஒரே தொடுதலில் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். இழந்த நுணுக்கத்தை மீட்டெடுக்க அவற்றால் முடியாது; எண்ணற்ற முகங்களைக் கொண்டு பயின்றதை வைத்து, இந்த இடத்தில் இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. மறைந்த தன் தாயாரின் படத்தை அப்படித் தெளிவாக்கிக் கொண்டுவந்த ஒரு பெண்மணிக்கு, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புதியதில் பல்வரிசை சீராகியிருந்தது, தாடையில் இருந்த மச்சம் காணாமல் போயிருந்தது, ஒரு கண் சற்றுச் சிறிதாக இருந்ததும் சமமாக்கப்பட்டிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, “அம்மா மாதிரி இருக்கிறது, ஆனால் அம்மா இல்லை” என்றார். பழைய படத்தையே சிறிய அளவில் அச்சிட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை மவுன்ட் அட்டை வைத்துப் பெரிய ஃபிரேம் போட்டுக் கொடுத்தோம். படம் சிறியதாகக் கிடைக்கும்போதெல்லாம் நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். வீட்டில் பழைய காகிதப் பிரதி இருக்குமானால் அதைப் போனில் படமெடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். 4-க்கு 6 அங்குலப் பிரதியை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால், அதன் கூர்மை நன்றாக இருக்கும்பட்சத்தில் 8-க்கு 12 அங்குலம் வரை அச்சிடலாம்.

எந்தப் பொருளில் அச்சிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கோப்பைகளில் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் படம் பதிகிறது: ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மை ஆவியாகி, கோப்பையின் மேல் பூசப்பட்ட பாலிமர் படலத்துக்குள் இறங்குகிறது. இம்முறையில் வெள்ளை மை கிடையாது. பொருளின் வெண்மையே படத்தின் வெண்மை. கருநிறப் பரப்பில் படம் எடுபடாததற்கும், தூய பருத்தித் துணியில் நிற்காததற்கும் இந்தச் செய்முறையே காரணம். வளைந்த பரப்பில் ஒரு நேரத்தில் பாதிதான் தெரியும் என்பதால், நீண்ட குழுப்படத்தைக் கோப்பையைச் சுற்றி ஓட்டுவதைவிடப் பக்கத்துக்கு ஒரு படம் வைப்பது நல்லது. கேன்வாஸில் ஓரங்கள் சட்டத்தின் பின்னால் மடிந்துவிடும். ஆல்பத்தில் நடு மடிப்பில் வரும் முகம் பிளவுபடும். பெரும்பாலான போன்கள் 4:3 விகிதத்தில் படமெடுப்பதால், அகலவாட்டில் எடுத்ததை 4-க்கு 6 அங்குலத்தில் நிரப்பி அச்சிடும்போது உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். தலைக்கு மேல் இடம் விடாமல் எடுத்த படங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

திரை தானே ஒளிவிடுகிறது, காகிதமோ தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் படத்தைப் பாருங்கள், அச்சு ஏறக்குறைய அப்படித்தான் வரும்.

மூலக் கோப்பை அனுப்புவதில் ஓர் ஆபத்தும் உண்டு. போனில் இருப்பிட வசதி இயங்கியிருந்தால், படமெடுத்த இடத்தின் துல்லியமான அடையாளம் கோப்புக்குள்ளேயே பதிவாகி, டாக்குமென்டாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்து போகும். வீட்டில் எடுத்த குழந்தையின் படம் என்றால் அது வீட்டு முகவரியைக் கொடுப்பதற்குச் சமம். பகிரும்போது இருப்பிடத் தகவலை நீக்கும் வசதி பல போன்களில் உள்ளது. நீக்கிய பிறகும் படத்தின் அளவு குறையவில்லை என்பதைச் சரிபார்த்து அனுப்புங்கள். பள்ளிச் சீருடையும் வாகன எண்ணும் பின்னணியில் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். இணையதளத்தில் பதிவேற்றுவதாக இருந்தால், படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா என்பதை விதிமுறைகளில் படித்துவிட்டுப் பதிவேற்றுங்கள். எங்களைப் போன்ற அச்சகங்களிலும், பரிசு கைக்கு வந்து திருப்தியானபின் கோப்புகளை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். தயங்காமல் உங்கள் கண்முன்னே அழிக்கிறவரிடம் அடுத்த படத்தையும் கொடுங்கள்.