ஜியாவ்ஹுய் தாஷ்யுவே: 'மிஷனரி பல்கலைக்கழகம்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

சீன வரலாறு பேசும் தமிழ்க் கட்டுரைகளில் 'மிஷனரி பல்கலைக்கழகம்' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. சீனர்கள் இதற்கு வழங்கும் பெயர் 'ஜியாவ்ஹுய் தாஷ்யுவே'. 'ஜியாவ்' போதனை அல்லது சமயம், 'ஹுய்' சபை, சேர்ந்தால் திருச்சபை. 'தாஷ்யுவே' பல்கலைக்கழகம். ஆகவே 'திருச்சபைப் பல்கலைக்கழகம்' என்பதே நேரான தமிழ்.

'மிஷன்' லத்தீனில் 'அனுப்புதல்' என்ற பொருளிலிருந்து வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் இதை மறைபரப்பு என்பர். சீர்திருத்தச் சபையாரிடம் அருட்பணி, மிஷனெரி ஊழியம் என்ற வழக்குகள் உண்டு. இந்த 'அனுப்பும்' பொருளுக்குச் சீனத்தில் வேறு சொல் இருக்கிறது: 'ச்சாய்ஹுய்', அதாவது ஆள் அனுப்பும் சங்கம். கடல் கடந்து ஆளும் பணமும் அனுப்பியது ச்சாய்ஹுய். உள்ளூரில் வேரூன்றியது ஜியாவ்ஹுய். இரண்டையும் 'மிஷன்' என்றே எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். 'மறைபரப்புப் பல்கலைக்கழகம்' என்பதும் ஒத்துவராது. குருமார்களை உருவாக்கும் இறையியல் கல்லூரி என்று வாசகர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அங்கே மருத்துவமும் பொறியியலும் கற்பிக்கப்பட்டன.

ஷாங்காய் புனித யோவான் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் பிஷப் ஷெரெஷெவ்ஸ்கி, ஏற்கெனவே இருந்த இரண்டு பள்ளிகளை இணைத்து 1879-இல் இதைத் தொடங்கினார். லித்துவேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் பைபிளைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர். அன்று அதன் பெயர் 'ஷூயுவான்'. கன்ஃபூசிய நூல்களைக் கற்பித்த மரபான கல்விக்கூடங்களுக்கு உரிய பெயர் அது. அந்நியர் வைத்த பள்ளிக்கு ஊர்ப் பழக்கமான பெயர். 1888-இல் தலைமைப் பொறுப்பேற்ற ஹாக்ஸ் பாட் 1941 வரை நீடித்தார். ஆங்கிலவழிக் கல்வி வலுப்பட்டது அவர் காலத்தில்தான்.

'தாஷ்யுவே' வந்தது 1905-இல். அந்த ஆண்டு நிறுவனம் அமெரிக்காவில், வாஷிங்டன் டி.சி.யில் பதிவு செய்யப்பட்டு, பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. தமிழ் வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஏன் 'கல்லூரி'யாகவே இருந்தது? 1857-இலேயே சென்னைப் பல்கலைக்கழகம் உருவாகிவிட்டது. திருச்சபைக் கல்லூரிகள் அதனோடு இணைந்து, பட்டத்தை அங்கிருந்து பெற்றன. சீனத்தில் அப்படி இணைந்துகொள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழக அமைப்பு இல்லை. எனவே ஷாங்காயில் படித்த மாணவனுக்கு அமெரிக்கச் சட்டப்படி பட்டம் கிடைத்தது. சீன மண்ணில் இயங்கி, சீன அரசின் ஏட்டில் இல்லாத பல்கலைக்கழகம்! பின்னால் வந்த மோதலின் வேர் இதில்தான் இருக்கிறது.

1925 மே 30-இல், அந்நியர் நிர்வகித்த ஷாங்காய் சர்வதேசக் குடியிருப்பின் போலீசார் ஊர்வலத்தின் மீது சுட்டனர். இறந்தோருக்காக மாணவர்கள் ஜூன் 3-இல் சீனக் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்ற, பாட் அதை அனுமதிக்கவில்லை. 500-க்கும் மேற்பட்ட மாணவர்களும் சீன ஆசிரியர்கள் பலரும் வெளியேறினர். அவர்களுக்காகவே குவாங்ஹுவா பல்கலைக்கழகம் பிறந்தது.

அதே ஆண்டு நவம்பரில் பெய்ஜிங் அரசு விதிகள் வகுத்தது. அந்நியர் பணத்தில் நடக்கும் பள்ளி அங்கீகாரம் கேட்டால், பெயருக்கு முன் 'ஸூலி', அதாவது 'தனியார்' என்று சேர்க்க வேண்டும். தலைவரோ துணைத்தலைவரோ சீனராக இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் சீனர் வேண்டும். சமயப் பாடம் கட்டாயமாகக் கூடாது. பின்வந்த நான்ஜிங் அரசு இதை மேலும் இறுக்கியது. பெய்ஜிங்கின் யென்ஜிங் பல்கலைக்கழகம் பதவிப் பெயரிலேயே வழி கண்டது: சீனரான வூ லெய்ச்சுவான் 'ஷியாவ்ஜாங்' (பல்கலைக்கழகத் தலைவர்), அமெரிக்கரான லெய்ட்டன் ஸ்டுவர்ட் 'ஷியாவ்வூஜாங்' (நிர்வாகத் தலைவர்). ஆங்கிலத்தில் மட்டும் ஸ்டுவர்ட்டே தலைவர். புனித யோவானோ 1947 வரை பதிவு செய்யாமலே இருந்தது.

கொரியப் போரின்போது, 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனச் சொத்துகளை முடக்கியது. உடனே சீன அரசு இந்நிறுவனங்களுக்கு 'வெளிநாட்டு மானியம் பெறுபவை' என்று புதுப்பெயரிட்டுப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1952-இல் புனித யோவானின் துறைகள் பிரிக்கப்பட்டு வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போயின. வளாகம் கிழக்குச் சீன அரசியல், சட்டக் கல்லூரிக்குச் சென்றது. அங்கே மணிக்கூண்டும் வளைந்த சீன ஓட்டுக் கூரையும் கொண்ட கட்டடம் இன்றும் நிற்கிறது. ஷெரெஷெவ்ஸ்கியின் சீனக் குடும்பப் பெயரான 'ஷ' என்பதை நினைவுகூரும் 'ஹுவாய்ஷ தாங்' என்ற அதன் பெயர், முன்னாள் மாணவரான பத்திரிகையாளர் ட்சோவ் தாவ்ஃபென் பெயரில் 'தாவ்ஃபென் லோவ்' ஆனது.

எழுதுவோர் கவனிக்க: 1905-க்கு முந்தைய காலத்துக்குப் 'புனித யோவான் கல்லூரி', அதன் பின் 'பல்கலைக்கழகம்'. முதல் குறிப்பில் 'ஷாங்காய்' கட்டாயம் வேண்டும். நியூயார்க்கிலும் தைவானிலும் இதே பெயரில் பல்கலைக்கழகங்கள் உள்ளன. தைவானில் இருப்பது ஷாங்காய் முன்னாள் மாணவர்கள் நிறுவியது. அதை 1879-இன் தொடர்ச்சி என்று எழுதக் கூடாது.