நீர்ப் பற்றாக்குறை

'வாட்டர் ஸ்கேர்சிட்டி' என்பதைத் தண்ணீர்த் தட்டுப்பாடு, தண்ணீர்ப் பஞ்சம், நீர்ப் பற்றாக்குறை என்று தமிழில் மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஜோர்டான் போன்ற வறண்ட நாட்டைப் பற்றி எழுதும்போது இது சிக்கலாகிறது. அங்கே எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, பழி யார் தலையில் விழும் என்பதே மாறிவிடும்.

'ஸ்கேர்சிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். பறித்தெடுத்தது என்பது அதன் அடிப்படைப் பொருள். நம் 'பற்றாக்குறை' வேறு இடத்தில் பிறந்தது. பற்றுதல் என்றால் பிடித்தல் மட்டுமல்ல, போதுமானதாக இருத்தலும்தான். 'சம்பளம் பத்தல', 'சோறு பத்தாது' என்கிறோமே, அந்தப் பத்தாதுதான் எழுத்தில் பற்றாது. தேவைக்குக் காணாத குறை, பற்றாக்குறை. இருப்பு எவ்வளவு, தேவை எவ்வளவு என்ற இரண்டு கேள்வியும் அதற்குள் இருக்கின்றன.

நீரியலாரின் கணக்கும் இதுதான். ஸ்வீடனின் மாலின் ஃபால்கென்மார்க் 1989-இல் முன்வைத்த அளவுகோலில், ஆண்டுதோறும் ஊறிவரும் நன்னீரை மக்கள்தொகையால் வகுப்பார்கள். தலைக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே பற்றாக்குறை, 500-க்குக் கீழே கடும் பற்றாக்குறை.

ஜோர்டானில் இது 100-க்கும் கீழே. பக்கத்து நாடான சிரியாவின் போரால் அகதிகளாக வந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர் என்கிறது அந்நாட்டு அரசு. மக்கள்தொகையோ ஒரு கோடிக்கு மேல். சரி, ஒருவர்கூட வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 500-இன் பக்கத்தில்கூடப் போயிருக்காது. அகதிகளால் வந்த பற்றாக்குறை என்று எழுதுவது அநியாயம். ஏற்கெனவே இருந்ததை அவர்கள் வருகை கூட்டியது, அவ்வளவுதான்.

கூட்டியது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். 2012 ஜூலையில் மஃப்ரக் பகுதியில் ஸாத்தரி முகாம் திறந்தபோது தண்ணீர் லாரியில்தான் வந்தது. பிறகு யுனிசெஃப் உதவியுடன் முகாமுக்குள்ளேயே ஆழ்துளைக் கிணறும் குழாய் இணைப்பும் வந்தன. ஆனால் அகதிகளில் பெரும்பாலோர் முகாம்களில் இல்லை. வடக்கு நகரங்களில் வாடகை வீடு பிடித்து, உள்ளூர்க்காரர்கள் நம்பியிருக்கும் அதே பழைய குழாய்களை நம்பியிருக்கிறார்கள். கோடையில் வாரம் ஒருமுறை திறக்கும் குழாய், அதைப் பிடித்து வைக்க மொட்டைமாடித் தொட்டி, அது தீர்ந்தால் காசு கொடுத்து லாரித் தண்ணீர். இந்த அன்றாட அல்லாட்டத்துக்குத் தட்டுப்பாடுதான் சரியான சொல். விநியோகத்தைச் சீர்செய்தால் அது குறையும். நாட்டில் ஏற்றிவிடும் தண்ணீரில் ஏறக்குறையப் பாதி கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராமல் போகிறது. அதை அகதிகள் தலையில் கட்ட முடியாது. பஞ்சம் என்ற சொல்லை மழை பொய்த்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் டிசி என்னும் நீர்ப்படுகை. ஜோர்டானின் தெற்குப் பாலைவனத்தில் இருக்கும் அந்த நிலத்தடி நீர் 2013 முதல் 300 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்துத் தலைநகர் அம்மானுக்கு வருகிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை அது. எடுத்தால் மறுபடி ஊறாது. ஆண்டு வரவில் சேராத அந்த நீரைக் குடிப்பதற்குக் 'கையிருப்பைக் கரைத்தல்' என்றுதான் எழுத வேண்டும்.