கோரிப்பாளையத்தில் ஏறி ஒத்தக்கடையில் இறங்கும் முள்

யானைக்கல்லில் இருந்து ஏ.வி. பாலத்தைக் கடந்து கோரிப்பாளையம் சிக்னலுக்கு ஊர்ந்து போவதற்குள் எங்கள் காரின் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறிவிடும். ஏசி காற்றும் வெதுவெதுப்பாகிவிடும். மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டைப் பிடித்து, ஒத்தக்கடையில் யானைமலை முழுசாகத் தெரியும்போது பார்த்தால் முள் பழைய இடத்துக்கு வந்திருக்கும், ஏசியும் ஜில்லென்று அடிக்கும். சித்திரை வெயிலில் இரண்டு வாரம் இதே கதைதான்.

கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரேடியேட்டரை மாற்று என்றார் ஒருவர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறி, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு என்றார் இன்னொருவர். முள் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பாதி வைத்தியம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கார் நிற்கும்போது எஞ்சின் சும்மா இருப்பதில்லை. ஐடிலிங்கில் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின் மணிக்குச் சுமார் முக்கால் லிட்டர் குடிக்கும். அதில் உள்ள ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஆறரை கிலோவாட்டுக்கு மேல் வரும். சக்கரம் சுற்றாததால் கிட்டத்தட்ட அத்தனையும் சூடாகவே வெளியேற வேண்டும். ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகும், கொஞ்சம் எஞ்சின் உடம்பிலிருந்தே காற்றில் கலக்கும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோவாட்டுக்குச் சற்று மேல், எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே சுற்றிவரும் கூலன்ட் தண்ணீரில் இறங்கும். வாளியில் போட்டு வெந்நீர் வைக்கிறோமே, அந்த ஹீட்டர் ராடு இரண்டை ரேடியேட்டருக்குள் போட்டு வைத்தது போல. அந்தச் சூட்டை எடுக்க ஆளில்லை என்றால் எஞ்சினும் கூலன்ட்டும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு டிகிரி ஏறும். பத்து நிமிட நெரிசல் போதும், 90 டிகிரியில் இருந்தது 110-ஐத் தொட்டுவிடும்.

அந்தச் சூட்டை எடுப்பது காற்று. தண்ணீருக்குச் சூட்டை எஞ்சினிலிருந்து ரேடியேட்டர் வரை சுமந்து வருகிற வேலை மட்டும்தான். அங்கிருந்து வெளியேற்றுவது மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஓடும் காற்று. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று தானாகவே முகப்பில் மோதி உள்ளே நுழைந்துவிடும். சிக்னலில் நின்றால் அந்த வழி அடைபட்டது. அப்போது காற்றை இழுக்க இருப்பது ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள மின்விசிறி ஒன்றுதான்.

வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. கூலன்ட் 95 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் இடையில் 70 டிகிரி வித்தியாசம். மதுரையின் மே மாத மதியத்தில் காற்றே 40 டிகிரி என்றால் 55 தான் மிச்சம். வித்தியாசம் குறைந்த அளவுக்குச் சூடு வெளியேறும் வேகமும் குறையும். போதாக்குறைக்குத் தார் ரோட்டை ஒட்டிய காற்று இன்னும் சூடு, முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகையும் நம் ரேடியேட்டருக்குத்தான் வருகிறது. மார்கழியில் தப்பித்துக்கொண்ட கோளாறு சித்திரையில் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

ஓடும்போது இறங்கி, நிற்கும்போது ஏறுகிறதா? முதலில் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். நின்றால் நன்றாக இருந்து, நான்கு வழிச்சாலையில் விரட்டினால் ஏறுகிறதா? அப்போது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், கூலன்ட் ஓட்டம் குறைந்திருக்கலாம். போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டர்கள் இந்த இரண்டாவது வகையில் நிறைய உண்டு. எங்கள் காரில் ஏசியும் கூடவே மக்கர் செய்தது இன்னொரு சாட்சி. ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பித்தான் நிற்கிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அது உள்ளே மெழுகு வைத்த ஒரு வால்வு. 80 சொச்சம் டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்க ஆரம்பிக்கும், 95 வாக்கில் முழுசாகத் திறந்துவிடும். முள் பாதியைத் தாண்டி ஏறும்போது கதவு ஏற்கெனவே அகலத் திறந்துதான் கிடக்கிறது. திறந்த கதவைக் கழற்றி வைப்பதால் காற்று கூடுதலாக வந்துவிடாது. மாறாக எஞ்சின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் வண்டி சூடாகும்தான். ஆனால் அப்போது ஒத்தக்கடையிலும் முள் இறங்காது.

எங்கள் மெக்கானிக் தம்பி முதலில் ஏசியைப் போடச் சொன்னார். ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சென்சாரோ சுவிட்சோதான் போயிருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது எதற்கும் சுற்றவில்லை. ஃபியூஸைப் பார்த்தார், ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தார். அசையவில்லை. ஸ்பேனரின் பிடியால் மோட்டார் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். விர்ரென்று கிளம்பியது.

“அண்ணே, மோட்டார் சாகல. பிரஷ் தேஞ்சு போச்சு.”

கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு கரித் துண்டுகள், ஒன்று புளியங்கொட்டை அளவுகூட இல்லை. சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது இந்தக் கரிதான். பின்னால் ஒரு ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தேய்ந்து குட்டையானால் ஸ்பிரிங்கின் பிடி எட்டாது, தொட்டும் தொடாமலும் நிற்கும். தட்டினால் நகர்ந்து தொடும், அடுத்த சிக்னலில் மறுபடி விட்டுவிடும். சில நாள் சூடாகி, சில நாள் ஆகாமல் எங்களைக் குழப்பியதற்கும் இதுவே காரணம்.

ஃபேன் சுற்றுவது மட்டும் போதாது. சுற்றும்போது முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் யாரோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். லேசாக ஒட்டி விழுந்தால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குப்பை அடைத்திருக்கலாம். ரோட்டில் நெல்லும் கதிரும் காயப்போடும் பக்கம் ஓடும் வண்டிகளில் அந்த இடுக்கில் உமியும் பூச்சியும் மெத்தை மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும் காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் ஓரத்தில் புகுந்துவிடும்.

காற்று சரியாக இருந்தும் நின்றால் ஏறுகிறதென்றால் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் வாட்டர் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் குறைவான தண்ணீரும் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழியும் அப்போதுதான் தொல்லை தரும். கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு, போயிருக்கலாம். அது பெரிய வேலை, ஓட்டாமல் இழுத்துப் போவதே நல்லது.

நெரிசலில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுசாகத் திறந்துவிடலாம். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். லேசாக ரேஸ் கொடு என்று பெரியவர்கள் சொல்வது எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் ஃபேன் இருந்த காலத்துப் பாடம். மின்விசிறி உள்ள வண்டியில் அதனால் பெரிய பலன் கிடையாது. அப்படியும் இறங்கவில்லையா, ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அது உள்ளே சாதாரண காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், 110 டிகிரியில் அமைதியாக இருந்தது மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். எங்கள் மெக்கானிக் தம்பியின் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெளுத்த தழும்பு இருக்கிறது. வேலை பழகிய முதல் வருஷம் பட்டதாம். அரை மணி நேரம் ஆறவிட்டு, ஹோஸைத் தொட்டுப் பார்த்து, அதன் பிறகும் ஈரத் துணியைப் போட்டுத்தான் இன்றைக்கும் திறக்கிறார்.