கிராமங்களுக்கான கைப்பேசி மானியம்: பணம் யாருக்குப் போகிறது?

கிராமங்களில் கைப்பேசிச் சேவை பரவ மத்திய அரசு மானியம் தருகிறது என்றதும், கைப்பேசி வாங்குவோருக்கு ஏதோ சலுகை கிடைக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த மானியத்துக்குத் தனிநபர் விண்ணப்பம் கிடையாது. கோபுரம் அமைத்துச் சேவை தரும் நிறுவனத்துக்கே அது போகிறது.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில், அதாவது அனுமதிக்கப்பட்ட கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில், 5 சதவீதத்தை இதற்கென உள்ள மத்திய அரசு நிதியத்துக்குச் செலுத்துகின்றன. ஆகவே நாம் செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் இந்த நிதிக்கு ஒரு பங்கு இருக்கிறது. 2002 முதல் உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதியம் என்ற பெயரில் செயல்பட்டுவந்த இது, 2006-இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகே கைப்பேசிச் சேவைக்கும் உதவத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது.

2007-இல் தொடங்கிய முதல் பெரிய திட்டத்தில், குறைந்த மானியம் போதும் என்று ஒப்பந்தப்புள்ளி கொடுத்த நிறுவனத்துக்கே பணி தரப்பட்டது. ஒரே கோபுரத்தில் மூன்று நிறுவனங்கள் தங்கள் ஆன்டெனாக்களைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதால், கோபுரம், பேட்டரி, ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் 2,000 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்கள் அல்லது கிராமத் தொகுப்புகளுக்கே இது பொருந்தியதால், சிக்னல் மிகவும் தேவைப்பட்ட மலைக்குடியிருப்புகள் பல விடுபட்டுப் போயின. என் பார்வையில் அத்திட்டத்தின் பெரிய குறை அதுவே. அந்த இடைவெளியை நிரப்பவே, 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை கொண்டுசெல்லும் ₹26,316 கோடித் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, பணியை பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

உங்கள் ஊரில் சிக்னல் இல்லையென்றால், நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் வெளியிட்டுள்ள சேவைப் பரப்பு வரைபடத்தில் ஊர் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வரைபடத்தில் சேவை இருப்பதாகக் காட்டி, ஊரில் சிக்னல் கிடைக்காவிட்டால், அதையே ஆதாரமாக்கி மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்கு மனு அளிக்கலாம். கிராமசபைத் தீர்மானத்தின் நகலையும் இணைப்பது நல்லது.

கோபுரம் வந்தாலும், கைப்பேசியின் விலையும் மாதாந்திர ரீசார்ஜும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் அது பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருக்கிறது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவினர் ஆகியோருக்கான திட்டங்களுக்கும் இந்த நிதியைச் செலவிட 2024-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. அந்த விதியைப் பயன்படுத்தி, ஏழைக் குடும்பப் பெண்களின் கைப்பேசிச் செலவுக்கும் மானியம் தர அரசு முன்வர வேண்டும்.